உன் மதிப்பெண்ணுக்குக் கீழே நான் எழுதாத மூன்று வரிகள்

மகனுக்கு,

தமிழில் வந்திருக்கும் இந்தக் கடிதத்தைப் பிரித்ததும் வீட்டில் யாருக்கோ உடம்பு முடியவில்லை என்று பதறியிருப்பாய். அப்படி ஒன்றும் இல்லை. உன் அம்மா நன்றாக இருக்கிறாள். எனக்கும் கண்ணைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. நீ கப்பலேறிய நாள் முதல் நாம் இருவரும் பிரெஞ்சில்தான் எழுதிக்கொண்டோம். உன் கடிதத்தை நான் படித்து அம்மாவுக்குத் தமிழில் சொல்வேன். அப்படிச் சொல்லும்போது வேண்டியதைச் சொல்லி வேண்டாததை விழுங்கிவிடும் சௌகரியம் எனக்கு இருந்தது. இந்த முறை அது பறிபோய்விட்டது. "தமிழ்ல எழுதுங்க. நான் படிச்சுப் பாத்துட்டுதான் போவணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனால் ஓர் எழுத்தைக்கூட விடமாட்டாள்.

போன வாரம் வந்த உன் கடிதத்தில் இரண்டு படிப்புகளைப் பற்றி எழுதியிருந்தாய். ஒன்று, நீ இருக்கும் மார்சேய்த் துறைமுக ஊரிலேயே கடல் காப்பீட்டில் இன்னும் ஒரு மேல்பட்டம். கப்பலில் போகும் சரக்கு நனைந்தால் யார் பொறுப்பு, கப்பல் முழுகினால் யார் பொறுப்பு என்று மூன்று வருடமாக நீ படித்தும் பழகியும் வருகிற அதே துறை. மற்றது, பாரிசுக்குப் பக்கத்தில் புதிதாகத் தொடங்கியிருக்கும் ஒரு வருட வணிக நிர்வாகப் படிப்பு, அமெரிக்காவின் எம்.பி.ஏ. மாதிரி. உன் பேராசிரியர் இதற்குத்தான் மனுப் போடச் சொல்லி உன்னைப் பிடித்து உலுக்குகிறார் என்றும், நீ மறுத்துவிட்டாய் என்றும் எழுதியிருந்தாய். காரணத்தையும் எழுதியிருந்தாய். "டெல்லி எம்.பி.ஏ.வுக்கு மனுப் போட்டபோதே என்னை ஒருமுறை எடைபோட்டுப் பார்த்துவிட்டார்கள், அப்பா. உங்கள் விளக்கக் குறிப்போடு போயும் தள்ளிவிட்டார்கள். என்னைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கிய ஜமாலை எடுத்துக்கொண்டார்கள். அப்படியானால் குறை மனுவோடு நான் எழுதி அனுப்பிய கட்டுரையில்தான், அதாவது என் மூளையில்தான். அந்த மாதிரிப் படிப்பெல்லாம் பரந்த புத்தி உள்ளவர்களுக்கு. எனக்கு ஒரு தொழில் தெரியும், அது போதும். அன்றைக்கு நீங்கள் சொன்னதுதான் சரி." இந்தக் கடைசி வாக்கியத்தை நான் அம்மாவிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மனுப் போடக் கடைசித் தேதி இந்த மாதக் கடைசி என்று எழுதியிருந்தாய். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். டெல்லிக்குப் போன உன் மதிப்பெண் பட்டியலில் என் விளக்கக் குறிப்பு இல்லை. நான் எழுதவில்லை.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். ஆனாலும் அம்மா படிக்கிறாள், அவளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நம் ஊர் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவுக்குக் கைமாறிய பிறகு, பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பிள்ளைகள் அத்தனை பேரும் மதராசுக்கும் பம்பாய்க்கும் மனுப் போடத் தொடங்கினார்கள். அவர்களுடைய சான்றிதழ்களை ஆங்கிலத்தில் பெயர்த்து, முத்திரை வைத்து, உறையை ஒட்டி, ஆபீசிலிருந்து நேரே அனுப்புவது என் பொறுப்பு. நம் ஊரில் மதிப்பெண் இருபதுக்கு. பதினொன்றரை வாங்கியவன் வகுப்பில் தலை நிமிர்ந்து நடப்பான். அதையே மதராசுக்காரர்கள் நூறுக்கு மாற்றினால் ஐம்பத்தேழரை. 'இரண்டாம் வகுப்பு, மந்தம்' என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். முதல் வருடத்திலேயே நான்கைந்து பிள்ளைகள் இப்படி அடிபட்டதைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு பட்டியலுக்கும் கீழே மூன்று வரி சேர்த்து எழுத ஆரம்பித்தேன். பிரெஞ்சு முறையில் இருபதுக்கு இருபது யாருக்கும் கொடுப்பதில்லை. பத்து வாங்கினாலே தேர்ச்சி, பன்னிரண்டு வாங்குபவர் வகுப்புக்கு ஒருவர் இருந்தால் அதிகம். ஆகவே பத்துக்கு மேல் வாங்கியவரை இங்குள்ள முதல் வகுப்புக்குச் சமமாகக் கொள்ளலாம். அவ்வளவுதான். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானே பரிதாபப்பட்டு எழுதியது. ஊர்க் கோடியில் கோரிமேட்டுப் பக்கத்திலிருந்து வந்த பிள்ளைக்கும் எழுதினேன், துரை வீட்டுப் பிள்ளைக்கும் எழுதினேன். துணிக்கடை பாய் மகன் ஜமாலுக்கும் எழுதினேன். அவனுடைய பத்தரைக்கும் உன்னுடைய பதினொன்றரைக்கும் ஒரே வாரத்தில்தான் முத்திரை வைத்தேன். அவனுடையதில் மூன்று வரி இருந்தது. உன்னுடையதில் இல்லை.

ஏன் என்று கேட்பாய். எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதிலை முதலில் சொல்கிறேன், கேட்க நன்றாக இருக்கும். சொந்தப் பிள்ளைக்குச் சிபாரிசு எழுதுவது உத்தியோக தர்மம் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். நேர்மையான ஆள் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு அல்லவா, அந்தச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன். மூன்று வருடமும் அதைக் கழற்றவில்லை. அதில் கொஞ்சமும் உண்மை இல்லை.

உண்மை அற்பமானது. அந்த வருடம் மதராசிலிருந்து ஒரு புது அதிகாரி வந்திருந்தார். உன்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். ஒரு நாள் நான் பெயர்த்த கோப்பை அவர் முன் நின்று படித்துக்காட்ட வேண்டியிருந்தது. நான் ஆங்கிலம் படித்தால் அதில் பிரெஞ்சு வாடை அடிக்கும், உனக்குத் தெரியும். அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "வச்சுட்டுப் போங்க சார், நானே படிச்சுக்கறேன்" என்றார். இருபத்திரண்டு வருடம் அந்தக் கட்டடத்தில் நான் வாயைத் திறந்தால் மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். அன்றைக்குத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சைக்கிளைத் தள்ளியபடியே சாரத்தில் நம் தெருவுக்கு வந்து சேர்ந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் நீயும் ஜமாலும் உட்கார்ந்து டெல்லி மனுவுக்காக ஆங்கிலம் பேசிப் பழகிக்கொண்டிருக்கிறீர்கள். நானும் சும்மா இல்லாமல் ஏதோ ஒரு வார்த்தை சொன்னேன். நீ சிரித்துக்கொண்டே, "அப்பா, அது அப்படி இல்ல, இப்படிச் சொல்லணும்" என்று திருத்தினாய். ஜமாலும் சிரித்தான். நீ வேண்டுமென்று செய்யவில்லை. வீட்டில் எப்போதும் நடக்கும் கேலிதான். ஆனால் அன்றைக்கு அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆபீசில் போன என் மரியாதை வீட்டிலும் போகப்போகிறது, இவன் டெல்லிக்குப் போனால் என் பிரெஞ்சு இந்த வீட்டிலேயே செல்லாக்காசு ஆகிவிடும் என்று நினைத்தேன். பெற்ற பிள்ளை மேல் ஒரு தகப்பனுக்கு வரக்கூடாத நினைப்பு இது. வந்தது.

அதன் பிறகு நான் எவ்வளவு மும்முரமாக உன்னை மார்சேய் பக்கம் தள்ளினேன் என்பது உனக்கே தெரியும். பிரெஞ்சு அரசின் உதவித்தொகைக்கு மனு வாங்கி வந்தவன் நான். "ஒரு தொழிலை அடி முதல் நுனி வரை கத்துக்கணும். அந்த எம்.பி.ஏ.ல என்னா இருக்கு? கணக்கு கொஞ்சம், விக்கிறது கொஞ்சம், ஆள வேல வாங்குறது கொஞ்சம். சந்தைக்குப் போயி எல்லாத்துலயும் ஒரு கைப்பிடி வாங்கியாந்தா என்னாத்த சமைக்கிறது?" என்று சாப்பாட்டு நேரத்தில் நான் கேட்டேன். ரசத்தை ஊற்றிக்கொண்டே அம்மா, "எல்லாம் ஒரு கைப்பிடி போட்டாதான் இந்தக் கொழம்பே வருது. அப்பறம் எத சாப்புடறீங்க?" என்றாள். நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. நான் சொன்ன வாதத்தில் தப்பு இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஒன்றை ஆழமாகக் கற்றவனுக்கு உலகத்தில் எங்கேயும் சோறு உண்டு. ஆனால் அந்த வாதத்தை நான் உனக்காகச் சொல்லவில்லை, எனக்காகச் சொன்னேன். நல்ல வாதம் கெட்ட எண்ணத்துக்கு எவ்வளவு பொருத்தமாக உதவும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

உனக்கு எது பொருந்தும் என்று தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. உன் அக்கா கல்யாணத்தை நினைத்துப் பார். தவளக்குப்பத்தில் பந்தல். விழுப்புரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டு பஸ் இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றுவிட்டது. நம் ஆட்கள் பந்தியில் உட்கார்ந்து பாதி சாப்பாட்டில் இருக்கிறார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை. உன் பெரியப்பா சமையல்காரரிடம் சண்டைக்கு நிற்கிறார். நீ யாரையும் கேட்கவில்லை. பஸ்ஸைக் கோவில் வாசலுக்குத் திருப்பி அனுப்பி, "சாமி பாத்துட்டு வந்துருங்க, அர்ச்சனைக்குச் சொல்லி வச்சிருக்கு" என்றாய். அர்ச்சனைக்கு ஆள் அனுப்பியதே அதற்குப் பிறகுதான். அதற்குள் இலை எடுக்க ஒரு கூட்டம், தண்ணீர் வைக்க ஒரு கூட்டம், பெரியப்பாவைச் சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நிறுத்தியது என்று எல்லாம் முடிந்துவிட்டது. சண்டை போடுகிறவருக்கு மரியாதையான வேலை கொடுத்தால் அடங்கிவிடுவார் என்று பத்தொன்பது வயதில் உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அன்றைக்குச் சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பையன் பத்து ஊர நிர்வாகம் பண்ணுவான்" என்றார். அதைக் கேட்டுப் பூரித்தவன்தான், இரண்டு வருடம் கழித்து உன் காகிதத்தில் மூன்று வரியை விட்டவன்.

இது வெளியே வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், நானாகச் சொன்னேன் என்ற பெருமை எனக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஜமால் வந்தான். டெல்லிப் படிப்பு முடிந்து பம்பாயில் ஒரு சோப்புக் கம்பெனியில் இருக்கிறான். லீவில் வந்தவன் அம்மாவுக்கு ஒரு சேலையும் எனக்கு ஒரு பேனாவும் கொண்டுவந்தான். என் காலைத் தொட வந்தான், நான் பிடித்துக்கொண்டேன். அம்மா அவனிடம், "அங்க அப்பிடி என்னாதாம்பா சொல்லித் தராங்க?" என்று கேட்டாள். அவன் ஆசையாகச் சொன்னான். "ஒரு கம்பெனியோட கதய கையில குடுத்துருவாங்க அத்தை. முதலாளி செத்துட்டாரு, புள்ளைங்களுக்குள்ள சண்ட, சரக்கு தேங்கிக் கெடக்கு, இப்ப நீ என்னா பண்ணுவேன்னு கேப்பாங்க. சரியான பதிலுன்னு ஒன்னும் கெடையாது. ஒவ்வொருத்தனும் ஒன்னொன்னு சொல்லுவான், அடிச்சிப்போம். அங்க உக்காந்திருக்கும்போதெல்லாம் உங்க புள்ள நெனப்புதான். இது அவனுக்கு எடுத்த படிப்பு அத்தை." பிறகு என் பக்கம் திரும்பி, "மாமா, சேந்தப்பறம் எங்க புரொபசர் ஒரு நாள் சொன்னாரு. ஒங்க ஊரு மார்க்கப் பாத்துட்டு ஒதுக்கியே வச்சிட்டோம், கீழ மூணு வரி எழுதியிருந்துது, அதப் பாத்துட்டுதான் திருப்பி எடுத்தோம்னு. நான் இன்னிக்கு சாப்புடறது நீங்க போட்ட சோறு மாமா" என்றான்.

அவன் போன பிறகு அம்மா காபி டம்ளர்களை எடுக்கவில்லை. "ஏங்க, நம்ம புள்ளைக்கும் அந்த மூணு வரி எழுதினீங்கதானே?" என்றாள். நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான்கு நாள் சாப்பாடு போட்டாள், வெந்நீர் வைத்தாள், சட்டைக்குப் பித்தான் தைத்தாள், பேசவில்லை. ஐந்தாம் நாள் காலையில் வந்து, எழுதுங்கள் என்றாள்.

இப்போது உன் இரண்டு படிப்புக்கு வருகிறேன். எதைப் படி என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் ஒன்றைப் பிரித்துச் சொல்ல முடியும். ஒரு பெரிய கப்பல் விபத்துக் கோப்பு உன் மேசைக்கு வருகிறது என்று வைத்துக்கொள். அதில் உள்ள ஷரத்துகளை வரி வரியாகத் துருவி, வேறு யாரும் கண்டுபிடிக்காததைக் கண்டுபிடிக்கும்போது உனக்குப் பசி மறந்துபோகிறதா? அப்படியென்றால் கடல் காப்பீட்டிலேயே இன்னொரு பட்டம் வாங்கு. அது எந்த வகையிலும் தாழ்ந்தது இல்லை. நான் அப்படி ஒன்றையே கட்டிக்கொண்டு சந்தோஷமாக வாழ்ந்தவன்தான். அல்லது, கோப்பை ஒருவனிடமும் கப்பல்காரரிடம் பேசும் வேலையை இன்னொருவனிடமும் கொடுத்து, கோபத்தில் இருக்கும் சரக்குக்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, நான்கு பக்கத்தையும் ஒன்றாக முடிச்சுப் போடும்போதுதான் உனக்கு உயிர் வருகிறதா? அப்படியென்றால் பாரிசுக்குப் போ. எதை வேண்டுமானாலும் எடு. 'எனக்கு அவ்வளவுதான் மூளை' என்பதற்காக மட்டும் ஒன்றை எடுக்காதே. அந்த அளவை டெல்லிக்காரர்கள் உனக்குப் போடவில்லை. நான் போட்டேன். அதுவும் பொய்யான எடைக்கல்லை வைத்துப் போட்டேன்.

மார்சேயில் நீ வீணாகப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். நல்ல வேலை பழகியிருக்கிறாய், அங்கே உன்னை மதிக்கிறார்கள். அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். இந்த ஐந்து நாளில் பலமுறை அப்படிச் சொல்லியும் பார்த்தேன். ஆனால் மூன்று வருடமாக ஒரு கெட்டிக்காரப் பையன், தான் மட்டம் என்று நம்பிக்கொண்டு வேற்று ஊரில் நடமாடியிருக்கிறான். அதற்கு ஈடாக நான் எதைக் கொடுப்பது? மன்னித்துவிடு என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. கோபம் வந்தால் கோபப்படு. எழுதத் தோன்றாவிட்டால் எனக்கு எழுத வேண்டாம், அம்மாவுக்குத் தமிழில் எழுது.

வெட்கத்துடன்,
உன் அப்பா

மேலே உள்ளதோடு கடிதத்தை முடித்து உன் அம்மாவிடம் கொடுத்தேன். கதவோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து உதடு அசையப் படித்தாள். முக்கால் மணி நேரம் ஆனது. கல்யாணப் பந்தி வந்த இடத்தில் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசித் தாளையும் படித்து மடியில் வைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் எழுதிட்டீங்களா?" என்றாள். எழுதிவிட்டேன் என்றேன். "டெல்லிலேருந்து ரெண்டு கவர் வந்துச்சி. ரெண்டையும் தபால்காரருகிட்ட நான்தான் வாங்கினேன். புள்ள பாத்தது ரெண்டாவது. மொதல்ல வந்த கவர்ல என்னா இருந்துச்சி?" என்று கேட்டாள். அது வந்த அன்றைக்கு அவள் கேட்டபோது, மனு வந்து சேர்ந்ததற்கு ரசீது என்று சொல்லியிருந்தேன். பேனாவை மறுபடி எடுத்தேன்.

அது ரசீது இல்லை, தம்பி. உங்கள் ஊர் மதிப்பெண் முறை எங்களுக்குப் பழக்கம் இல்லை, தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் இரண்டு வரி விளக்கம் வாங்கி மூன்று வாரத்துக்குள் அனுப்புங்கள், உங்களை எடுத்துக்கொள்ள விரும்புகிறோம் என்று உன் பெயருக்கு எழுதியிருந்தார்கள். பிரித்துப் படித்தது நான். அந்த மூன்று வாரமும் தினம் நீ தபாலுக்காக வாசலில் போய் நின்றாய். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கெடு முடிந்த பிறகுதான் மறுப்பு வந்தது. பட்டியலில் எழுதாமல் விட்டது ஒரு நாள் ஆத்திரம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அப்படி எதையும் சொல்லிக்கொள்ள முடியாது. இதைத்தான் மேலே இத்தனை பக்கத்திலும் எழுதாமல் மறைக்கப் பார்த்தேன்.

அந்தக் கடிதத்தை எரிக்கத் துணிவு இல்லாமல் வைத்திருந்தேன். இதோடு அனுப்புகிறேன். அதில் உன் கட்டுரையைப் பற்றி நான்கு வரி எழுதியிருக்கிறார்கள். நான் பெயர்த்துச் சொல்ல மாட்டேன். நீயே படித்துக்கொள்.

கவரையும் பசையையும் எடுத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் நிற்கிறாள், நான் இந்த வரியை முடிப்பதற்காக. வெயிலாக இருக்கிறதே, தபாலாபீசுக்கு நான் போய்விட்டு வருகிறேன் என்றேன். "வேணாம், குடுங்க. நானே போடறேன்" என்கிறாள்.